பொருந்தினால் மட்டும் போதுமா? பழைய காருக்கு என்ஜின் மாற்றுவோர் கவனிக்க வேண்டிய எண்ணெய்க் குழாய்

யோங் பெங் –

பத்து பஹாட்டில் உறவினர் வீட்டு விசேஷம் முடிந்து யோங் பெங் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஓட்டினார், அப்பா முன் இருக்கையில், நான் பின்னால். எங்கள் வீட்டுப் பழைய புரோட்டோன் சாகா அது. திடீரென்று டேஷ்போர்டில் எண்ணெய்ச் சின்னம் சிவப்பாக எரிந்தது. சற்றுத் தூரத்தில் பெட்ரோல் நிலையம் இருப்பதால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் தொடர்ந்து ஓட்டினார். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. என்ஜினிலிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம், அடுத்துப் புகை, பிறகு கார் நின்றேபோனது.

பானெட்டைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் எண்ணெய். எண்ணெய் கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டிய எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் பட்டுத்தான் அந்தப் புகை. தீப்பிடிக்காதது எங்கள் நல்ல நேரம்.

அந்தக் கார் அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சேமிப்பைப் போட்டு வாங்கியது. நாங்கள் பள்ளிக்கூடம் போனதும், தாத்தாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அதில்தான். அண்ணனுக்கு ஜொகூர் பாருவில் வேலை கிடைத்ததும், பழைய 1.3 லிட்டர் என்ஜினை எடுத்துவிட்டு 1.8 லிட்டர் என்ஜின் போட்டார். நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் கார் என்பதால் எண்ணெய் கூலரும் சேர்த்தார். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. பட்டறையில் கூலருக்கு மாட்டிய ஹோஸ்தான் தவறு. அது பெட்ரோல் போவதற்கான ஹோஸ். அளவு பொருந்தியது, கிளிப் போட்டு இறுக்கினார்கள், அவ்வளவுதான். சில பத்து ரிங்கிட்டை மிச்சப்படுத்தப் போய் இன்னொரு என்ஜின் வாங்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை நான் பட்டறை பட்டறையாகக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டேன். முதல் சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமானது. நாற்பது ஆண்டுகளைத் தொட்டுவிட்ட அந்தக் காரை நம் பிள்ளைகள் பலர் இன்று தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா, தோட்டத்துத் துரைமார் காலத்து மோரிஸ் மைனர் ஆகியவற்றுக்கும் இதே மோகம் இருக்கிறது. அவர்கள் எல்லாருக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எண்ணெய் என்ன வேலை செய்கிறது?

என்ஜினின் அடியில் உள்ள சம்ப்பில் எண்ணெய் தேங்கியிருக்கும். பம்ப் அதை உறிஞ்சி, வடிகட்டி வழியாக முக்கியக் கால்வாய்க்கு அனுப்பும். அங்கிருந்து கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் பேரிங்குகளுக்குப் பிரிந்து போகும். இந்தப் பேரிங்குகளில் குண்டுகள் இல்லை. வழுவழுப்பான உலோகத் தகடுதான் இருக்கிறது. சுழலும் தண்டுக்கும் தகடுக்கும் நடுவே தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அந்தப் படலத்தின் மேல்தான் தண்டு மிதக்கிறது. படலம் அறுந்தால் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசும். சில விநாடிகளில் பேரிங் உருகத் தொடங்கும். நாங்கள் கேட்ட தட்டல் சத்தம் அதுதான்.

சிவப்பு விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் குறைகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் விளக்கு அல்ல அது. அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போன பிறகுதான், அதாவது சுமார் 5 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கிய பிறகுதான், பெரும்பாலான கார்களில் அது எரியும். ஓடும் என்ஜினுக்கு ஒவ்வொரு 1,000 சுழற்சிக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. ஆக, விளக்கு எரிந்தால் பெட்ரோல் நிலையம் வரை போகலாமா என்று யோசிக்கவே கூடாது. ஓரமாக ஒதுங்கி அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்துவிட வேண்டும். அண்ணன் அதைச் செய்திருந்தால் ஹோஸ் செலவோடு தப்பியிருப்போம்.

என்ஜின் மாறினால் குழாய் ஏன் மாற வேண்டும்?

கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எண்ணெய் பெரும்பாலும் என்ஜின் பிளாக்கின் உள்ளேயே ஓடும். வெளியே குழாய் மிகக் குறைவு. மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பிளாக்கிலிருந்து வடிகட்டிக்குப் போகும் வெளிக்குழாய் உண்டு. அது உலோகக் குழாய், அந்த இடத்துக்கென்றே வளைத்துச் செய்தது.

நாம் என்ஜினை மேம்படுத்தும்போது நிலைமை மாறுகிறது. கூலர் சேர்க்கிறோம், வடிகட்டியை இடம் மாற்றுகிறோம், அழுத்தமானி பொருத்துகிறோம், சிலர் டர்போவும் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணெயை என்ஜினுக்கு வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வெளியே ஓடும் ஒவ்வொரு குழாயும், ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய புதிய இடம். அதனால் குழாய் பொருத்தும்போது மரை, ஹோஸ், அளவு, பாதை ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும்.

முதலாவது: மரை

மரை என்றால் திரெட். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றும். எண்ணெய் அழுத்த சுவிட்ச் இருக்கும் துளையை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தமானிக்கும் டர்போவுக்கும் எண்ணெய் எடுப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஜப்பானியக் கார்களில் அது பொதுவாக எட்டில் ஒரு அங்குல பி.எஸ்.பி. கூம்பு மரை. அதில் அங்குலத்துக்கு 28 சுற்றுகள் இருக்கும். கடையில் கிடைக்கும் அமெரிக்க வகைப் பொருத்திகள் பலவற்றில் இருப்பது எட்டில் ஒரு அங்குல என்.பி.டி. மரை. அதில் 27 சுற்றுகள். பெயரில் ஒரே அளவு, பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் இரண்டு சுற்று ஒழுங்காகவே ஏறும், பிறகு இறுகும். 'நன்றாக இறுகிவிட்டது' என்று நினைத்து மேலும் முறுக்கினால் துளையின் மரை அழியும், இல்லாவிட்டால் பிளாக்கில் விரிசல் விடும். ஃபோக்ஸ்வேகன் பீட்டலில் இருப்பது 10 மி.மீ. மெட்ரிக் மரை. அதுவும் இந்த இரண்டுக்கும் பக்கத்து அளவுதான்.

வடிகட்டி இருக்கும் இடத்திலும் இதே பொறி உண்டு. சாகாவில் உள்ள மிட்சுபிஷி வகை என்ஜின்களில் வடிகட்டி ஏறும் தண்டு 20 மி.மீ. மெட்ரிக் மரை. பழைய டட்சன், டொயோட்டா பலவற்றில் அது முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. கூலருக்கான இடைத்தகட்டைப் பட்டறைகளில் சான்விச் பிளேட் என்பார்கள். பிளாக்குக்கும் வடிகட்டிக்கும் நடுவே அது உட்காரும். 20 மி.மீ. இடைத்தகட்டையோ வடிகட்டியையோ முக்கால் அங்குலத் தண்டில் ஏற்றினால் ஏறிவிடும். ரப்பர் வளையம் அழுந்துவதால் இறுகியதுபோலவும் தோன்றும். உண்மையில் மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். காலையில் குளிர்ந்த, கெட்டியான எண்ணெயோடு என்ஜினை முடுக்கும்போது அழுத்தம் ஏறி, வடிகட்டி அப்படியே பிய்த்துக்கொண்டு வரலாம்.

இதற்கு வழி எளிது. மரை அளவி என்றொரு சிறிய கருவி, பல் பலாய் வெட்டிய தகடுகளின் கட்டாகக் கிடைக்கும். அதை மரையின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடைவெளி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பொருத்தி கையால் முழுதும் சுலபமாக ஏற வேண்டும். கூம்பு மரை மட்டும் கடைசிச் சில சுற்றுகளில் இறுகும். நடுவிலேயே ஸ்பானர் தேவைப்பட்டால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது: ஹோஸ்

எங்கள் கார் விழுந்த குழி இது. கார்புரேட்டர் காருக்கான சாதாரண பெட்ரோல் ஹோஸ் தாங்க வேண்டிய வேலை அழுத்தம் சுமார் 50 பி.எஸ்.ஐ.தான். பெட்ரோல் பம்ப் தருவது அதிலும் மிகக் குறைவு என்பதால் அந்த இடத்துக்கு அது போதும். ஆனால் என்ஜின் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது 80, சில நேரம் 100 பி.எஸ்.ஐ. வரை போகலாம். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால் எண்ணெயின் சூடு 100 டிகிரி செல்சியசைத் தாண்டும். சூட்டில் ரப்பர் இளகும், கிளிப் தளரும், ஒரு நாள் கழன்றுவிடும். அது எப்போது நடக்கும் என்பதுதான் தெரியாது.

ரேடியேட்டர், ஹீட்டர் தண்ணீர் ஹோஸ் இன்னும் மோசம். அது பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரால் ஆனது. தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அந்த ரப்பர், எண்ணெய் பட்டால் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். அழகுக்காகச் சிலர் போடும் நீல, சிவப்பு சிலிக்கான் ஹோஸும் தண்ணீருக்கும் காற்றுக்கும் ஆனதுதான். சூடான எண்ணெயை அது தாங்காது.

நம் ஊர்ப்பக்கத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. செம்பனைத் தோட்டத்து டிராக்டர்களுக்கும் லாரிகளுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடைகள். கம்பி வலை பொதிந்த அந்த ஹோஸின் முனையில் இரும்புப் பொருத்தியை இயந்திரத்தால் நசுக்கி ஏற்றுவார்கள். அழுத்தத்தைப் பொறுத்தவரை அது காருக்குத் தேவைப்படுவதைப்போல் பல மடங்கு தாங்கும். ஆனால் சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பெரும்பாலும் 100 டிகிரி வரை சூடு தாங்குவதற்கே செய்யப்பட்டது. எனவே கடையில் இது கார் என்ஜின் எண்ணெய்க்கு என்று தெளிவாகச் சொல்லி, கூடுதல் சூடு தாங்கும் வகையைக் கேட்க வேண்டும். ஹோஸின் மேலேயே அழுத்தமும் வகையும் அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளிக் கம்பி பின்னிய ஹோஸும் நல்லதுதான். ஆனால் உள்ளே ரப்பரா, டெஃப்லானா என்று தெரிந்துகொண்டு அதற்குரிய பொருத்தியைத்தான் போட வேண்டும். ஒன்றின் பொருத்தி இன்னொன்றுக்குச் சேராது. கம்பிப் பின்னலின் மேல் கிளிப் போட்டு இறுக்குவதும் தவறு. அந்தக் கம்பி அரம்போல எதையும் அராவும் என்பதால், வயரையோ அலுமினியக் குழாயையோ தொடாதபடி கட்ட வேண்டும்.

மூன்றாவது: அளவு

பந்தயக் கார் பொருத்திகளில் 4, 6, 8, 10 என்று எண்கள் இருக்கும். இவை அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. 8 என்றால் பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலம். 10 என்றால் பதினாறில் பத்து. கூலருக்குப் போய்வரும் குழாய் மிகவும் ஒடுங்கியிருந்தால் பேரிங்குக்குப் போகும் எண்ணெய் முழுவதும் அந்த ஒடுக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அழுத்தம் குறையும். அரை அங்குலத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்வதே சாலை வண்டிக்குப் பாதுகாப்பு. கூர்மையாக வளைந்த பொருத்திகளையும் முடிந்தவரை குறையுங்கள்.

அளவு மாறினால் எண்ணெயின் கணக்கும் மாறும். அரை அங்குல உள்விட்டமுள்ள ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 127 மில்லி லிட்டர் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். கூலர் தனி. ஆகவே என்ஜினை ஓட்டி நிறுத்திய பிறகு டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்ததை ஊற்ற வேண்டும்.

நான்காவது: பாதை

என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் ஆடும், கூலர் பாடியோடு அசையாமல் நிற்கும். ஹோஸை விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு முடுக்கத்திலும் இணைப்பு இழுபடும். கொஞ்சம் தளர்வு வேண்டும். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. வேறு வழியில்லை என்றால் சூடு தடுக்கும் உறை போட வேண்டும். தகரத்தின் ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். தரையில் உரசும் அளவுக்குத் தாழ்வாகவும் இருக்கக் கூடாது. தோட்டத்து மண் சாலையில் ஒரு கல் போதும்.

டர்போ போடுகிறவர்களுக்கு

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுழற்சிக்கு மேல் சுழலும். அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் சிறியது, 4 எண் அளவே பெரும்பாலும் போதும். பால் பேரிங் வகை டர்போவுக்கு அதிக எண்ணெய் ஆகாது. சுமார் 1 மி.மீ. துளையுள்ள தடுப்பான் வைக்கச் சொல்வார்கள். சாதாரண பேரிங் வகைக்கு அதே தடுப்பானைப் போட்டால் எண்ணெய் போதாமல் தண்டு தேய்ந்துவிடும். எந்த வகை டர்போ என்று தெரிந்துகொண்டே குழாய் வாங்குங்கள்.

திரும்பி வரும் குழாய் வேறு கதை. டர்போவிலிருந்து வெளியேறும் எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை. காற்றோடு கலந்து நுரையாக, தன் எடையால் மட்டுமே இறங்கும். அதனால் அந்தக் குழாய் பெரிதாக, 10 எண் அளவில், சம்ப் வரை ஒரே சரிவாகப் போக வேண்டும். சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலேதான் சேர வேண்டும். நடுவில் தொங்கல் இருந்தால் எண்ணெய் தேங்கி, டர்போவின் சீல் வழியாகக் கசிந்து நீலப் புகையாக வரும். பலர் டர்போ போய்விட்டது என்று புதிது வாங்குகிறார்கள். குற்றம் குழாயில் இருக்கும்.

பழைய பொருளும் முதல் ஓட்டமும்

ஹாஃப்-கட் கடையில் என்ஜின் வாங்கும்போது கூலரையும் ஹோஸையும் சேர்த்தே தருவார்கள். பேரிங் போன என்ஜினோடு இருந்த கூலர் என்றால், அதன் நுண்ணிய குழாய்களுக்குள் உலோகத் தூள் ஒளிந்திருக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. புதிய கூலர் வாங்குவதே மேல். பேஞ்சோ போல்ட் இருக்கும் இடத்தில் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். நசுங்கிய பழைய வாஷர் கசியும்.

எல்லாம் பொருத்திய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். வடிகட்டியில் எண்ணெய் ஊற்றி நிரப்பிக்கொண்டு, தீப்பொறிக்கும் பெட்ரோலுக்கும் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். சிவப்பு விளக்கு அணைந்தால், இல்லையெனில் அழுத்தமானியின் முள் ஏறினால், எண்ணெய் குழாய்களை நிரப்பிவிட்டது என்று பொருள். அதன் பிறகே என்ஜினை ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் பாருங்கள்.

சட்டமும் காப்புறுதியும்

என்ஜினை மாற்றினால் அதன் எண்ணும், பல நேரம் கொள்ளளவும் மாறுகிறது. அதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் முறைப்படி பதிவு செய்து, வாகனச் சோதனையிலும் தேற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டால், தீப்பிடித்தோ விபத்து நேர்ந்தோ இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். எண்ணெய் கசிந்து தீப்பிடித்தால் காரைக் காப்பாற்ற முயலாமல், எல்லாரும் இறங்கி விலகி 999க்கு அழையுங்கள்.

எங்கள் சாகா இப்போது மறுபடியும் ஓடுகிறது. இந்த முறை ஹோஸை அண்ணன் வாங்கவில்லை. அப்பாவே கடைக்குப் போய், அதன் மேல் அச்சிட்டிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு வாங்கி வந்தார். பட்டறையிலும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக் சங்கடப்படுவாரோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த மெக்கானிக் ஒவ்வொரு பொருத்தியையும் கையில் எடுத்துக் காட்டி, விளக்கிச் சொல்லித்தான் மாட்டினார். நல்ல மெக்கானிக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். ஆகவே என்ஜின் மாற்றப் போகும் வாசகர்களே, பணத்தைக் கொடுக்கும் முன் இந்த நான்கையும் கேளுங்கள்: இது எந்த மரை? இந்த ஹோஸ் எதற்குச் செய்தது? எந்த அளவு? எந்த வழியாகப் போகிறது? நான்குக்கும் பதில் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.